நல்லெண்ணெய்க்கு வந்த கேடு

குற்றாலம்

அன்பு மகள் வேல்விழிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சாரலில் நனைந்துகொண்டு நலமாகத்தான் இருக்கிறோம், நீயும் அந்த ஜெர்மனியில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கக் குற்றாலநாதர் துணை. போனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று நடுவிலேயே வெட்டிவிடுவாய், அதனால்தான் கடிதம். கடைசி வரி வரைக்கும் படி.

நீ வீகன் ஆனபோது நான் ஒரு வார்த்தை சொன்னேனா? பால், தயிர், நெய் எதுவும் ஆகாது என்றாய், சரி என்றேன். எண்ணெய் மட்டும் ஆகும், எள்ளும் கடலையும் தேங்காயும் செடியிலும் மரத்திலும் வருவதுதானே என்று நீதான் சொன்னாய். கடை எண்ணெயில் எதைக் கலக்கிறானோ என்று பெத்த மனசு கேட்காமல், சீசன் நேரத்தில் இட்லிக் கடையைப் பூட்டிவிட்டுக் கீழப்பாவூருக்குப் போய், உன் நல்லக்கண்ணு மாமாவின் மாட்டுச் செக்கில் கருப்பட்டி போட்டு நல்லெண்ணெய் ஆட்டி வாங்கி, உன்னோடு படித்த ஜெஸ்வின் கையில் கொடுத்தனுப்பினேன். நீ என்ன செய்தாய்? மாட்டின் கண்ணைக் கட்டி வேலை வாங்கின எண்ணெய் எனக்கு ஆகாது, இது கொடுமை என்று, மாமாவும் கேட்கிற குடும்ப குரூப்பில் வாய்ஸ் போட்டாய். உனக்குப் புத்தி வேண்டாமா? என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் மோட்டார் செக்கில் வாங்கியிருப்பேனே.

மாமா மறுநாளே மோட்டார் மாட்ட ஆள் சொல்லிவிட்டார். படிச்ச பிள்ள கொடுமைன்னு சொல்லுதா, நமக்கு எதுக்கு அந்தப் பாவம், செவலையச் சந்தைக்கு ஓட்டிருதேன் என்கிறார். செக்கிழுத்துத் தேய்ந்த மாட்டைச் சந்தையில் எவன் வாங்குவான், எதற்கு வாங்குவான்? லாரியில் ஏற்றி மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் அறுப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏண்ணே, அந்தக் கிறுக்கி சொன்னான்னு நீரும் ஆடுதீரா என்று சண்டை போட்டு, மாட்டை நானே பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது அது நம் கொல்லையில் நிற்கிறது. எங்கே நிற்கிறது? அவிழ்த்துவிட்டாலும் தென்னை மரத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது. அப்பா தவிட்டுத் தண்ணீர் காட்டினால் குடித்துவிட்டு மறுபடியும் நடக்கிறது. பார்க்கப் பார்க்க உன்மேல்தான் ஆத்திரம் வருகிறது. நீ சொன்னது சரிதானோ என்று தோன்றும்போது இன்னும் கூடுதலாக வருகிறது.

நோய்நொடி இல்லாமல் நல்லா இரு. மாமாவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேள், மறந்துவிடாதே. தீபாவளிக்கு வந்து, இனிமேல் நடக்க வேண்டாம் என்று செவலையிடம் நீயே சொல்லிவிட்டுப் போ. நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறது.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா
மாரித்தாய்