முதலில் தண்ணீர்

பிராகோ,

உன்னை எழுப்பினால் சண்டைதான் வரும். அதனால் எழுதி வைத்துவிட்டுச் சாவு வீட்டுக்குக் கிளம்புகிறேன். நிலக்கடலை சூப் அடுப்பில் இருக்கிறது. அதற்குத் தொட்டுக்கொள்ள ஃபூஃபூக் களியை மாமா வந்த பிறகு கிண்டு. சாவியை நான் எடுத்துப் போகிறேன், வீட்டைவிட்டு நகராதே.

ஆமாம், அமோவாக்கோ மாமா இன்றைக்கு மறுபடி வருகிறார். போன ஞாயிறு நீ அடித்த கூத்து போதும். வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து, குடித்த பிறகே வந்த காரியம் கேட்கும் நம் வழக்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாயாம்! குமாசியிலிருந்து பஸ்ஸில் வெந்து வந்த மனுஷருக்கு ஒரு வாய் தண்ணீர் தராமல், போனை நீட்டி அந்த வழக்கத்தைப் பற்றியே பேட்டி எடுத்தாயே!

“யுனிவர்சிட்டில வரலாறு, தத்துவம், நாடகம்னு எல்லாத்தையும் கலந்து படிக்கிறா, ஒரு டம்ளர் தண்ணி குடுக்கத் தெரியல! பேசாம நர்ஸிங்ல சேத்து விடு” என்று நேற்றும் போனில் கத்தினார்.

“நர்ஸிங் படிச்சாலும் மறப்பா அண்ணே, அவ அப்படித்தான்” என்று நானும் கத்தினேன்.

இன்றைக்கு முதலில் தண்ணீர். வலது கையால் கொடு. குடித்து முடித்ததும், “என்ன காரியமா வந்தீங்க மாமா?” என்று கேள். உன் படிப்பை மாற்றத்தான் வருகிறார் என்று தெரிந்தாலும் கேள்.

அம்மா

ஃப்ரிட்ஜ் தண்ணீர் வேண்டாம், அவருக்குப் பல் கூசும்.

இன்னொன்று. படிப்பை மாற்றச் சொன்னால் முடியாது என்று சொல். நான் திட்டுவேன் என்று பயந்து தலையாட்டிவிடாதே. ஆனால் அவர் டம்ளரைக் கீழே வைத்த பிறகு சொல்.