சந்தனம் அப்பிய சக்கரம்

அன்புள்ள அண்ணி,

இன்று காலை பல் தேய்ப்பதற்கு முன்பே கிரைண்டிங் மெஷினின் சாணைக்கல் வீலைத் தேய்த்தேன். நம் பட்டறையில் மெஷின் ஓட்டுவது உங்களுடையது, பில் போடுவது என்னுடையது என்றுதானே இருந்தோம்? இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

நீங்கள் கண்மூடிய பிறகு வந்த முதல் ஆயுத பூஜை. நம்மிடம் வேலை பார்க்கும் கலாதான் அலங்காரம் செய்தாள். நீங்கள் எப்போதும் வீலின் மூடிக்குத்தான் பொட்டு வைப்பீர்கள். அவள் வீலுக்கே சந்தனத்தைக் குழைத்து அப்பிவிட்டாள். மறுநாள் ஈரத் துணியால் துடைத்தாள். நானும் போதும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று, மைன்ஸ் காண்ட்ராக்டர் கொடுத்த பம்பு ஷாஃப்டுகளில் ஒன்றைச் சாம்பிளுக்குத் தேய்த்துப் பார்த்தோம். வீலின் நுண்துளைகளில் சந்தனம் அடைத்திருந்தது. வெட்ட வேண்டிய கல் வெறுமனே உரசியது. சூடேறி, ஷாஃப்டில் பழுப்புத் திட்டுகள்.

"என்ன மேடம், தோசை ஊத்திட்டீங்களா?" என்றார் அவர்களுடைய சூப்பர்வைசர். "நாளைக்கும் இப்படின்னா வேற எடம் பாத்துக்கறோம்."

அண்ணன் காதில் விழுந்துவிட்டது. "அவ இல்லாம இது ஓடாது வசந்தி. ஞாயித்துக்கெழம பண்ருட்டிலேர்ந்து ஆள் வராங்க, மெஷினக் குடுத்துடலாம்" என்றார். மெஷின் சத்தம் கேட்டாலே அவருக்கு உங்கள் நினைப்பு.

கலாவின் முகம் தொங்கிப்போனது. "நல்லாத்தானே தொடச்சிவுட்டேன். சாமிக்கு வெச்சது குத்தமாக்கா?"

"வெக்கலாம்டி, மூடிக்கு வை. வீலுக்கா கல்யாணம்?"

இன்று விடிந்ததும், நீங்கள் செய்வதைப் பார்த்த ஞாபகத்தில், வைர முனையை வைத்து வீலின் மேல்தோலைச் சீவினேன். புதுக் கல் தெரிந்தது. சூடேறாமல் இருக்கக் கூலண்ட் தண்ணீரைத் தாராளமாகத் திறந்துவிட்டு, ஷாஃப்டை மிக மெல்லிசாக வெட்டினேன். கடைசியில் ஆழத்தைக் கூட்டாமல், உரசல் சத்தம் அடங்கும்வரை ஷாஃப்டைச் சும்மா ஓடவிட்டேன். நீங்கள் அப்படி நிற்கும்போதெல்லாம், "அதான் முடிஞ்சுதே அண்ணி" என்பேன். பேசாமல் நிற்பீர்களே, அப்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?

நகத்தால் இழுத்துப் பார்த்தேன். எங்கும் தட்டவில்லை. சூப்பர்வைசர் வழவழப்பை அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தார். "இன்னிக்கி தோசை கெடையாதா?" என்று கலாவைச் சீண்டிவிட்டு, வண்டியிலிருந்த மீதி ஷாஃப்டுகளையும் இறக்கச் சொன்னார். கலா தூக்கின வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! அண்ணன் வாசலில் வந்து நின்றார். மெஷின் நிற்கும்வரை உள்ளே போகவில்லை.

அண்ணி, மெஷினில் பாதி என் பேரில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்குக் காபி கொடுத்து, விற்பதாக இல்லை என்று நானே சொல்லி அனுப்பப்போகிறேன். அண்ணனிடம்கூட இன்னும் சொல்லவில்லை. அவரைச் சமாதானப்படுத்துவது என் பொறுப்பு.

உங்கள் நாத்தனார்,
வசந்தி