சீட்டில் டாக்டர் எழுதிய சொல்

திருவண்ணாமலை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் மெஹ்விஷுக்கு அப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கருணையால் ஜெர்மனியில் நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மி பக்கத்து அறையிலிருந்தே கேட்டுவிடுகிறாள், இருமி இருமிப் பாதி உயிர் போனாலும் காது மட்டும் பழையபடிதான் இருக்கிறது.

போன வாரம் அவளை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், இனிமே எந்த மருந்தும் கேக்காதுங்க பாய், கஷ்டம் தெரியாம பாத்துக்கலாம்னு சொல்லி, சீட்டில் பாலியேட்டிவ் என்று எழுதினார். நீ இருந்திருந்தால் அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று ஆரம்பித்திருப்பாய். கொரோனா சமயம் நான் சாவிக் கடையை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தபோது, குவாரன்டைன் என்றால் இத்தாலிக்காரர்கள் கப்பலை நாற்பது நாள் கரைக்கு விடாமல் நிறுத்தியது என்றாய், வாக்சின் பசுமாட்டிலிருந்து வந்த பெயர் என்றாய், மாட்டுக்கு வந்த வாழ்வைப் பார் என்று சிரித்தேன். இப்போது நீ விட்டுப்போன தடித்த அகராதியில் நானே தேடினேன். லத்தீனில் மேலே போர்த்தும் துணியாம். உள்ளே நோய் அப்படியே கிடக்கும், மேலே போர்த்திவிடுவார்கள். அந்த வேலையை நான் மூன்று வருஷம் முன்பே செய்துவிட்டேன் மகளே.

உன் தங்கை ரூபீனாவுக்கு ஆம்பூரில் சம்பந்தம் பேசிய நேரத்தில்தான் உன் அம்மியின் சளியில் கிருமி தெரிந்தது. உன்னிடம் ஆஸ்துமா என்றோம். அரசு ஆஸ்பத்திரியிலிருந்து மருந்து கொண்டுவரும் கன்னியம்மாளிடம், வீட்டுப் பக்கம் வராதீங்கம்மா, சாவிக் கடையில குடுத்துடுங்க என்றவன் நான். நிக்காஹ் சமயம் வீடு நிறைய ஆட்கள், யாராவது பார்த்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று மாத்திரைகளைக் கடை மேஜையில் பூட்டினேன். இருமல் கம்மியாயிடுச்சுங்க, இனிமே எதுக்குன்னு உன் அம்மியும் சொன்னாள், எனக்கும் அது வசதியாகப் போயிற்று. ஆறு வாரம் அந்தப் பூட்டைத் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் பூட்டுத் திறப்பவன் நான். பிறகு விட்டு விட்டுச் சாப்பிட்டாள், நோய் திரும்பியபோது எதற்கும் அடங்கவில்லை. இப்போது ரூபீனா கைக்குழந்தையோடு வரேன்னு அழுகிறாள், வராதே என்று அதட்டிவிட்டுக் கடையில் உட்கார்ந்து நானும் அழுகிறேன். கொடுத்த சம்பந்தம் நல்ல சம்பந்தம்தான், அதில் குறையில்லை.

நீ டிக்கெட் போடுவாய், தெரியும். அதுவரை அவள் இருப்பாள் என்று எழுத ஆசை, நம்பிக்கை இல்லை. மருத்துவப் புத்தகங்களை மொழிபெயர்த்துச் சம்பாதிக்கும் பெண்ணுக்குத் தன் வீட்டு நோயின் பெயரைச் சொல்லாதவன் உன் அப்பா. போன ரம்ஜானுக்கு வந்தபோது இருபது நாள் அவளை அணைத்துக்கொண்டு படுத்தாய், ஆஸ்துமாதானே என்று. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

டிக்கெட்டுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போ. வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கேட்பார்கள். டிபி என்று சொல், மருந்துக்கு அடங்காத டிபி என்று முழுசாகச் சொல். என் கையால் அந்தப் பெயரை எழுதுவது இதுதான் முதல் தடவை. அல்லாஹ் உன்னைக் காப்பாற்றட்டும், என் துஆ எப்போதும் உனக்கு உண்டு. உன் நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று ரிசல்ட் வந்தால் உடனே போன் செய், அம்மிக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜியாவுல்லா