லென்ஸுக்கு வைத்த பொட்டு

அப்பா,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். நீங்கள் சிரிக்கக்கூடிய இடத்தையும் எனக்கு வெட்கம் தரும் இடத்தையும் ஒன்றுபோல எழுதுவேன். எதையும் அழகாக்க மாட்டேன்.

இன்று பாடசாலை விட்டு வந்ததும் கமராப் பையைத் திறந்தேன். முதலில் வந்தது தேயிலை வாசம். மழைக் காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும் என்று எங்கோ படித்து நான் பயந்தபோது, ஒரு கைப்பிடி தேயிலைத் தூளைத் துணியில் முடிந்து பைக்குள் போட்டீர்களே, அந்த முடிச்சு. "ஈரத்த இழுக்க இத விட என்னா இருக்கு புள்ள?" என்றீர்கள். நீங்கள் போன பிறகு அம்மா இரண்டு தடவை தூளை மாற்றிவிட்டார். முடிச்சுப் போடும் விதம் மட்டும் உங்களுடையது போல வரவில்லை.

பையைத் திறந்ததற்குக் காரணம் ஒரு கேள்வி. எங்கள் சுவர்ப் பத்திரிகையில் கேள்வி பதில் பகுதியை இந்தத் தவணை நான்தான் எழுதுகிறேன். தரம் எட்டில் படிக்கும் தங்கச்சி ஒருத்தி துண்டுத் தாளில் எழுதிப் போட்டிருந்தாள்: "கமராவோடு சேர்த்துத் தரும் லென்ஸ் போதுமா, வேறு வாங்க வேண்டுமா? மாமா வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அவர் மனசு மாறும் முன் பதில் தேவை." ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. இந்தக் கேள்விக்கு நான் விடை தேடி அலைந்த ஏழு நாட்களிலும் நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். அதனால் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

அண்ணன் கொழும்பிலிருந்து லீவில் வந்து, பதுளைக் கடைத்தெருவில் அந்தக் கமராவை வாங்கிக் கையில் தந்தபோது நான் தரம் ஒன்பது. பதினெட்டு மில்லிமீற்றரிலிருந்து ஐம்பத்தைந்து வரை, அகலமாகவும் கிட்டவும் காட்டும்படி திருகக்கூடிய லென்ஸ் ஒன்று அதே பெட்டியில் இருந்தது. "லென்ஸ் புடிக்கலன்னா ஏழு நாளைக்குள்ள கொண்டாங்க, மாத்தித் தாறேன்" என்று கடை முதலாளி சொன்னாராம். அதை என்னிடம் சொல்லிவிட்டு அண்ணன் மறுநாளே பஸ் ஏறிவிட்டார். அந்த ஏழு நாள் தவணைதான் என்னைப் பிடித்து ஆட்டியது.

பாடசாலை நூலகத்துப் புத்தகத்திலும், அண்ணனின் பழைய போனில் நான் பார்த்த காணொளிகளிலும் ஒரே பேச்சு: பெட்டியோடு வரும் லென்ஸ் மலிவு, மங்கல், பழகுவதற்கு மட்டும். அதற்குப் பதிலாக, திருக முடியாத, ஐம்பது மில்லிமீற்றர் லென்ஸை வாங்கினால் குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கலாம், முகம் மட்டும் தெளிவாகிப் பின்னால் உள்ளதெல்லாம் கரைந்துபோகும் என்றார்கள். ஆகவே லென்ஸின் மூடியைக் கழற்றும் முன்பே அதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அண்ணன் போன அன்று ஆயுத பூசை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர் நீங்கள். எங்களுக்கு அது தீபாவளியை விடப் பெரிய நாள். நாங்கள் இருக்கும் லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் லொறியைக் கழுவி நிறுத்தி, சில்லுகளுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, இரண்டு முன்விளக்குக்கும் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்தீர்கள். வீட்டுக்குள் சாமிப் படத்துக்கு முன்னால் அம்மாவின் கொழுந்துக் கூடை, மண்வெட்டி, என் புத்தகங்கள், அவற்றின் மேல் கமரா. மறுநாள் காலை வரை எதையும் தொடக் கூடாது. நான் வெளியே சுண்டல் பங்கிட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே நீங்கள் பூசை செய்தீர்கள்.

மறுநாள் விடிந்ததும் சோதனையைத் தொடங்கினேன். லயத்தின் வெளிச் சுவரில் பத்திரிகைத் தாள் ஒன்றை ஒட்டி, பதினெட்டில் ஒன்று, முப்பத்தைந்தில் ஒன்று, ஐம்பத்தைந்தில் ஒன்று என்று எடுத்துக் கொப்பியில் குறித்தேன்.

"பேப்பர எதுக்கு புள்ள போட்டோ புடிக்கிற? படிச்சா போதாதா?" என்றீர்கள்.

"எழுத்து தெளிவா வருதான்னு பார்க்கிறேன்ப்பா."

"வருதா?"

வரவில்லை. கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையை எடுத்தாலும் அதைச் சுற்றிப் பால் ஊற்றியது போல ஒரு படலம். கோயில் மணிக்குக்கூட இரண்டு விளிம்பு. கொப்பியில் எழுதினேன்: "மங்கல். புத்தகம் சொன்னது சரி." எழுதும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் லொறியை நிறுத்திவிட்டு வந்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "இன்னிக்காவது தெளிவா வருதா?" நான் உதட்டைப் பிதுக்குவேன். நீங்கள் கால் கழுவப் போய்விடுவீர்கள். அப்பாவுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அம்மாதான் சத்தம் போட்டார்: "நாலு நாளா புள்ள ஒழுங்கா சாப்பிடல. செவத்துல பேப்பர ஒட்டி வச்சுக்கிட்டு அதையே மொறச்சிக்கிட்டு நிக்குது. கூட்டிட்டுப் போய் மாத்திக் குடுங்களேன்."

ஆறாம் நாள் பதுளைக்கு பஸ் ஏறினோம். வளைவுகளில் நான் கமராவைப் பிடித்துக்கொண்டேன், நீங்கள் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள்.

கடையில் நான் நடந்துகொண்டதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. கொப்பியை விரித்து, வாங்க வந்த மற்றவர்கள் கேட்கும்படி வாசித்தேன். பதினெட்டில் மங்கல். முப்பத்தைந்தில் மங்கல். ஐம்பத்தைந்தில் மிகவும் மங்கல். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, லென்ஸைக் கழற்றி வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"பாப்பா, லென்ஸுக்கு யாரு சந்தனம் பூசுனது?"

எனக்கு விளங்கவில்லை. நீங்கள் தெருவில் நின்ற பசறை பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"நான்தாங்க மொதலாளி," என்றீர்கள், பஸ்ஸைப் பார்த்தபடியே. "ஆயுத பூசைக்கு வண்டி லைட்டுக்கு வைக்கிற மாதிரி இதுக்கும் வச்சேன்."

"மூடிக்கு மேல வச்சிருக்கலாமே."

"மூடிக்கு வச்சா கண்ணுக்கு வச்சதாகுங்களா? விடியக்காலையில பாத்தா கண்ணாடியில அப்பியிருந்துச்சு. தொடைச்சுட்டேங்க."

"எதால?"

"இடுப்புல கட்டியிருந்த சாரத்தாலதான்."

"சாரத்தாலயா!" என்று முதலாளி நெற்றியில் கை வைத்தார். கடையே சிரித்தது. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "கெட்டுப் போயிருச்சுங்களா?" என்று கேட்டீர்கள். லொறி பள்ளத்தில் இறங்கிய அன்றுகூட உங்கள் குரல் அப்படி இருந்ததில்லை. அந்த நாலு நாளும் நீங்கள் எதைச் சுமந்துகொண்டு கால் கழுவப் போனீர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

முதலாளி ஊதினார், ஏதோ ஒரு திரவத்தை இரண்டு துளி விட்டார், மெல்லிய தாளால் வட்டமாகத் துடைத்தார். எதிர்க்கடையின் பெயர்ப் பலகையைப் படம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். ஒவ்வோர் எழுத்தும் நறுக்கென்று நின்றது. நான் நாலு நாள் சோதித்தது லென்ஸையே அல்ல. கண்ணாடியை ஒரு தடவை வெளிச்சத்தில் பார்த்திருக்கலாம். புத்தகம் சொன்னதும் கண் பார்த்ததும் ஒத்துப்போனதால் எனக்கு வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

ஆனாலும் நான் விடவில்லை. சந்தனம் போனாலும் மலிவு லென்ஸ் மலிவு லென்ஸ்தானே என்றேன். முதலாளிக்கு உங்களைப் பழக்கம். ஐம்பது லென்ஸை எடுத்து உங்கள் கையில் தந்தார். "நாளைக்கு சாயந்தரம் வரைக்கும் வச்சிருங்க. ரெண்டுலயும் எடுத்துப் பாத்துட்டு எது வேணுமோ அத வச்சுக்கங்க. இதுக்குப் பூசை கீசை போட்டுறாதீங்க."

திரும்பும் பஸ்ஸில் கேட்டீர்கள்: "என்னைய ஏச மாட்டியா?"

"ஏன்ப்பா முதல்லயே சொல்லல?"

"நீ அவ்வளவு ஆசயா கையில வச்சிருந்த. என்னால கெட்டுச்சுன்னு சொல்ல வாய் வரல. ஆனா அந்த மனுசன்கிட்ட கெட்ட சாமானக் குடுத்துட்டு வரவும் முடியாதில்ல."

ஏசவில்லை. உங்கள் தோளில் சாய்ந்து வந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் தலை சுற்றிச் சன்னல் பக்கம் சாய்ந்து வந்தேன்.

ஏழாம் நாள் காலை உங்களை லொறிக்கு முன்னால் நிறுத்தி இரண்டு லென்ஸாலும் எடுத்தேன். எது எதில் எடுத்தது என்று சொல்லாமல் காட்டினேன்.

"இதுல என் மூஞ்சி மட்டுந்தான் இருக்கு. வண்டி எங்க?"

"வண்டி மங்கலாத்தான் இருக்கும்ப்பா. அதுதான் இந்த லென்ஸோட அழகு."

"என்னா அழகு? விடிய நாலு மணிக்கு எந்திரிச்சுக் கழுவுனவன் நானு!"

பிறகு வீட்டுக்குள். நீங்களும் அம்மாவும் சாமிப் படத்துக்குக் கீழே நின்றீர்கள். ஐம்பது லென்ஸில் அம்மாவின் பாதி முகமும் உங்கள் ஒரு காதும்தான் தெரிந்தன.

"இன்னும் பின்னால போ புள்ள."

"செவரு முட்டுதுப்பா."

"அப்ப செவத்த ஒடைக்கவா?"

கதவுக்கு வெளியே போனால் கதவு நிலை மறைத்தது. எங்கள் அறை அவ்வளவுதான். பெட்டியோடு வந்த லென்ஸை மாட்டிப் பதினெட்டுக்குத் திருகினேன். நீங்கள், அம்மா, சாமிப் படம், அடுப்பு, சன்னல், சன்னலில் காயும் என் சட்டை எல்லாம் உள்ளே வந்தன. ஆனால் இந்த லென்ஸுக்கு அந்த வெளிச்சம் போதாது. அரிசி டின் மேல் கமராவை வைத்து, அதன் கண் அரை செக்கன் நேரம் திறந்திருக்கும்படி செய்து, "அசையக் கூடாது" என்றேன்.

அசையாமல் நிற்பது நம் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அடையாள அட்டைக்கு நிற்பது போல இருவரும் விறைத்தீர்கள். நான் பொத்தானை அழுத்தும் நேரத்தில் அம்மா உதட்டை அசைக்காமல் கேட்டார்: "மூச்சு விடலாமா?" உங்களுக்குச் சிரிப்பு பீறிட்டது. கொப்பியில் இருக்கிறது: "படம் பதினான்கு. அசைவு. தோல்வி." அடுத்தது, "படம் பதினைந்து. தெளிவு."

பின்னேரம் ஐம்பது லென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். "ஏன், நல்லா இல்லையா?" என்றார் முதலாளி.

"நல்ல சாமாந்தாங்க," என்றீர்கள். "நம்ம வீடு அதுக்குப் பத்தலீங்க."

பெட்டியோடு வந்த லென்ஸோடு நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் அப்பா. பரிசளிப்பு விழாவில் மண்டபம் இருட்டு. ஆடிய பிள்ளைகள் எல்லாரும் புகை மாதிரி வந்தார்கள். அதையும் மறைக்கவில்லை. வெளிச்சத்தில் மலையையும் மனிதர்களையும் எடுக்க அது எனக்கு ஒருநாளும் குறை வைத்ததில்லை.

போன வருடம் நெஞ்சு வலி வந்து நீங்கள் போன பிறகு, சுவரில் மாட்டப் படம் தேடினார்கள். பதினைந்தாம் படத்திலிருந்து உங்களை மட்டும் பெரிதாக்கினோம். சட்டைப் பொத்தானின் நூல்கூடத் தெரிகிறது. வந்தவர்கள் எல்லாரும் நல்ல படம் என்கிறார்கள். அதில் நீங்கள் நிற்கச் சொன்னதற்காக நிற்கிறீர்கள்.

பதினான்காம் படம் என்னிடம் இருக்கிறது. அதில் அம்மா கல் மாதிரித் தெளிவு. உங்கள் முகம் மட்டும் மேலும் கீழும் இழுபட்டு, சிரிப்பு வரும்போதும் வந்த பிறகும் ஒன்றாகவே தெரிகிறது. அந்த ஐம்பது லென்ஸாக இருந்திருந்தால் சிரிப்பில் ஒரு துளியைப் பிடித்து நிறுத்தியிருக்கும். இது வெளிச்சம் போதாமல், அரை செக்கன் முழுக்க உங்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. "தோல்வி" என்று எழுதியதை நான் அடிக்கவில்லை. அன்றைக்கு எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

தங்கச்சிக்குப் பதில் எழுதிவிட்டேன்: "போதும். இருட்டில் ஓடுகிறவர்களை எடுக்க முடியாது. சின்ன வீடாக இருந்தால் இதுதான் வேண்டும்."

நாளைக்கு அம்மா விடியவே கொழுந்து பறிக்கப் போக வேண்டும். "இன்னும் என்னா எழுத்து?" என்றார். யாருக்கு என்று கேட்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டார். இந்த வரியை இருட்டில் எழுதுகிறேன், கோணலாக இருக்கும்.