அடியில் ஒரு கை

வில்லாபுரம், மதுரை.
ஐப்பசி, ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகள் ரோகிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை சூர்யபிரகாஷும் சுகமாக இருக்க வேண்டும். வயிற்றில் இருக்கிற பிள்ளை அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகமா என்று நீ கேட்டால், உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதுவரைக்கும்தான் தைரியமாக எழுத முடியும்.

தினம் போனில் பேசுகிற மனுசன் எதற்காகக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் அம்மா என்று நான் வாயெடுத்தாலே, குக்கர் கத்துதுப்பா, அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிடுகிறாய். புனேயில் உன் வீட்டுக் குக்கர் மட்டும் எந்நேரமும் கத்திக்கொண்டே இருக்கிறது! கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடலாம். கிழிப்பதாக இருந்தாலும் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி தாயி.

பஞ்சு செத்த பிறகு அவனைப் பற்றி நாம் மூன்று பேரும் ஒழுங்காகப் பேசவே இல்லை. சமயநல்லூரில் சிவக்குமார் சித்தப்பா தோட்டத்தில், கிணற்றுக்குப் பக்கத்து வேம்படியில் புதைத்தோம். போகும்போது அம்மா ஆட்டோவில் அவனை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். நீ காலேஜுக்குப் போட்டுப்போன மஞ்சள் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். ஆட்டோக்காரர் முதலில் செத்த நாயை ஏற்ற மாட்டேன் என்றார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி ஏறுங்கக்கா என்றார். வழி நெடுக அவள் அழவில்லை. மழைத் தண்ணீர் உள்ளே அடித்தபோது அவன் காதை மட்டும் முந்தானையால் மூடிக்கொண்டாள்.

கல்யாணமாகிப் போகும்போது நீ அவனை எங்களிடம் விட்டுப் போனாய். உங்கள் அபார்ட்மெண்டில் நாய்க்கு இடமில்லை. நம்ம சாப்பாட்டைப் போடாதீங்க, உப்பு காரம் எலும்பு எல்லாம் அவனுக்கு ஆகாது, நான் மாசாமாசம் தீவனப் பாக்கெட் அனுப்புறேன் என்றாய். கறிச்சோறு தின்னு வளர்ந்த நாயிக்குச் சுண்டைக்காய் வத்தலாட்டம் எதையோ போடச் சொல்றாளே என்று அம்மா முணுமுணுத்தாள். ஆனாலும் நீ கொடுத்த பிளாஸ்டிக் கப்பால் தலை தட்டி அளந்துதான் போட்டாள். ஒரு துண்டு கறி அவள் கைதவறி விழுந்தாலும், நீ பார்த்துவிடுவாய் என்பது போல எடுத்துவிடுவாள். அவனுக்குச் சொறி நின்றது, ரோமம் பளபளத்தது. நானும் உன் கட்சிதான். கப்பலூரில் பிஸ்கட் கம்பெனி பாக்கிங்கில் நிற்கிறவன் அல்லவா? எங்க கம்பெனியிலேயே எம்புட்டு டெஸ்ட் பண்ணுறாங்க தெரியுமா, பாக்கெட்டுல வாரது சும்மா வராது என்று அவளிடம் பெருமை பேசினேன். இப்போது பெல்ட்டில் பாக்கெட் ஓடும்போது என் வாய் தானாக மூடிக்கொள்கிறது.

உன் அம்மாவின் பழக்கம் உனக்குத் தெரியும். பாக்கெட் வந்ததும் கத்தரித்து, தீபாவளி முறுக்கு வைக்கிற பெரிய டின்னில் கொட்டிவிடுவாள். கவர் அன்றைக்கே பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். துவரம்பருப்பானாலும் சீனியானாலும் அவளுக்கு அப்படித்தான். கவரோடு சாமான் இருந்தால், கடையில குடியிருக்கிற மாதிரி இருக்கு என்பாள்.

அடியில் ஒரு கை விடுகிற பழக்கமும் உனக்குத் தெரியும். அரிசி டிரம்மை அவள் ஒருநாளும் வழித்துத் துடைத்தது கிடையாது. அடியில் ஒரு கை அரிசி இருக்கும்போதே புது அரிசியைக் கொட்டிவிடுவாள். வெறும் ஏனம் வீட்டில் இருக்கக் கூடாது என்பது அவள் அம்மா வீட்டுச் சீதனம். சின்னப் பிள்ளையில் நீ டிரம்முக்குள் தலையை விட்டு, அம்மா, கீழே பழசு கிடக்கு என்று கத்துவாய். அது கெடக்கட்டும்டீ, அது இருந்தாத்தேன் புதுசு வரும் என்பாள். உன் தலை டிரம்மில் மாட்டிக்கொண்டு நான் இழுத்தெடுத்த கூத்தும் உண்டு.

தீவனத்தில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் கலந்துவிட்டது, இன்ன நம்பர் பாக்கெட்டை எல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று அந்தக் கம்பெனி அறிவித்ததும் நீதான் முதலில் போன் போட்டாய். கவரில் நம்பரைப் பாருங்க என்றாய். கவர் எங்கே இருக்கிறது? நீ அதற்கே கொதித்தாய். பிறகு, இருக்கிறதை எல்லாம் கொட்டிருங்க, வேற கம்பெனிது அனுப்புறேன் என்றாய். அம்மா கொட்டினாள். தெருநாய் ஏதாவது தின்றுவிடக் கூடாதே என்று அதன் மேல் பினாயிலை ஊற்றி, குப்பை வண்டிக்கார அம்மாவிடம் விவரம் சொல்லிக் கொடுத்தனுப்பினாள். அவ்வளவு செய்தவள், டின்னின் அடியில் ஒரு கை விட்டுவிட்டாள். வேண்டுமென்றும் செய்யவில்லை, சோம்பேறித்தனத்திலும் செய்யவில்லை. கை தன்பாட்டுக்குச் செய்திருக்கிறது. அதன் மேல் நீ அனுப்பிய புதுசைக் கொட்டினாள்.

அப்புறம் அவன் சாப்பாட்டை மோந்துவிட்டு நகர்ந்தான். கண் மஞ்சளாகிப் போனது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒவ்வொன்றாக விசாரித்தபோது, நீயும் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாய். அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. அவளாகத்தான், அடியில ஒரு கை விட்டுத்தான் போட்டேன் சார் என்று சொன்னாள். ஒளிக்கத் தெரியாதவள். பஞ்சு போன அன்றைக்கு நீ சொன்ன வார்த்தை உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு டின்னை ஒழுங்காக் கழுவத் தெரியலையேம்மா, நாளைக்கு என் பிள்ளைக்கு என்னத்தைக் குடுப்பீங்கன்னு எப்படி நம்புறது என்றாய். பிரசவத்தைப் புனேயிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தாய். அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் பேசவில்லை.

உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு பிடி இருந்த குட்டியைப் பால்புட்டியில் வளர்த்தவள் நீ. வயிறெரிந்து சொன்னாய். எனக்கும் எரியத்தான் செய்தது. அந்தக் கம்பெனிக்கு நானே போன் போட்டேன். ஒரு பெண் தங்கமாகப் பேசினாள். கவர் போட்டோ இருந்தால் அனுப்புங்கள், நம்பர் இல்லாமல் புகாரை எடுக்க முடியாது சார் என்றாள். கவர் இல்லையென்றால் அவர்கள் கணக்கில் பஞ்சு என்று ஒருத்தன் இருந்ததே இல்லை. கவர் இல்லம்மா, அவன் மஞ்சள் கண்ணைப் போட்டோ எடுத்தது இருக்கு, அனுப்பவா என்று கேட்டேன். லைனை வெட்டிவிட்டாள்.

இனி அம்மாவைப் பற்றி. குக்கர் கத்தட்டும், நீ படி.

அந்த டின்னைப் புளி போட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்து மொட்டைமாடியில் கவிழ்த்தாள். மழையிலும் அங்கேதான் கிடக்கிறது. தீபாவளிக்கு முறுக்கு சுடவில்லை. கடை மிளகாய்த்தூளைக் கொட்டினாள். மில்லுக்குப் போய் அரைத்து வந்தாள், அதையும் கொட்டினாள். பால் பாக்கெட்டை மோந்து மோந்து பார்க்கிறாள். பாக்கெட் சாமான் மேல்தான் பயம் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. எனக்குச் சோற்றை வைத்துவிட்டு, நான் விழுங்குகிறேனா என்று பார்த்துக்கொண்டே நிற்கிறாள். வயித்துக்கு ஒண்ணும் பண்ணலையே என்று கேட்கிறாள். ராத்திரி எழுந்து தண்ணீர் குடித்தால்கூட என்ன செய்யுது என்று உட்கார்ந்துகொள்கிறாள். பக்கத்து வீட்டு சீனியம்மாள் பேத்தியைக் கொண்டுவந்து விட்டால் இவள்தானே இட்லி ஊட்டுவாள்? இப்போது, சாப்பாட்டை ஒங்க வீட்டுலருந்தே டப்பாவுல குடுத்துவிடுங்க மதினி என்கிறாள். சீனியம்மாள் என்னிடம் வந்து, என்னண்ணே, ஒரு நாயிக்குப் போயி இம்புட்டா என்று கேட்டாள். நாய்க்காக இல்லை என்று எனக்குத் தெரியும்.

மனசு கேட்காமல், போன வாரம் வேலை முடிந்து வருகிற வழியில் அந்த டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். அந்த ஒரு கைதான் அவனைக் கொன்றதா, உள்ளதைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அம்மாவிடம் வந்து சொன்னேன். இதைக் கேட்டாவது தேறுவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வாயும் வயிறுமா இருக்கிற புள்ள, அது மனசுல இது ஏறக் கூடாது, பழி எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும், எனக்குத் தாங்கும் என்றாள்.

அதனால் டாக்டர் சொன்னதை முழுசாக எழுத மாட்டேன். ஒரு கைத் தீவனத்தால் ஈரல் அப்படிக் கெடாதாம், மாசக்கணக்கில் உள்ளே போய்த்தான் கெடுமாம். இவ்வளவுதான் எழுதுவேன். சத்தியத்தில் பாதியை உடைத்த பாவம் என்னோடு போகட்டும்.

உடனே நீ உன்னைப் போட்டு வதைத்துக்கொள்ளாதே. நீ நல்லதை நினைத்து அனுப்பினாய். அவள் நல்லதை நினைத்து அளந்து போட்டாள். பஞ்சு நம்மை நம்பித் தின்றான். கெடுத்தவன் எவனோ எங்கேயோ நிம்மதியாகத் தூங்குகிறான். அம்மாவும் மகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடக்கிறீர்கள். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

டாக்டரே சொல்லிட்டாரே, இன்னும் என்ன என்று அவளைச் சத்தம் போட்டேன். ஈரலப் பத்தி டாக்டருக்குத் தெரியும், எங்கையப் பத்தி எம்புள்ளைக்குல்ல தெரியணும் என்று கேட்டாள். உனக்குப் பிரசவ லேகியம் கிண்ட, கீழமாசி வீதியில் சுக்கு, திப்பிலி எல்லாம் புரட்டாசியிலேயே வாங்கி வைத்திருந்தாள். பை கட்டினபடியே ஆணியில் தொங்குகிறது. கிண்டி வச்சா யாரு திங்க என்கிறாள்.

வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போயிருந்தபோது அரிசி டிரம்மை அடியோடு வழித்திருக்கிறாள். துணியால் துடைத்து, அடுப்படி மூலையில் கவிழ்த்து வைத்திருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த டிரம்மின் அடியை நான் பார்த்ததில்லை ரோகிணி. அன்றைக்கு வீட்டுக்குள் நுழையவே எனக்குப் பயமாக இருந்தது. ஒரு சிப்பம் அரிசி வாங்கி வந்து போட்டேன். பிரிக்க விட மாட்டேன் என்கிறாள். அன்றாடம் கடையில் வாங்கி, அன்றைக்கே பொங்கி, மிச்சமில்லாமல் முடித்துவிடுகிறாள்.

ஏழாம் மாசம் பிறந்ததும் வந்துவிடு. மாப்பிள்ளையிடமும் உன் மாமியாரிடமும் நான் பேசிக்கொள்கிறேன். வந்து மன்னிப்பு கின்னிப்பு என்று ஒன்றும் வேண்டாம், அவளுக்கு அழத்தான் வரும். அந்தச் சிப்பத்தைப் பிரித்து, டிரம்மை நிமிர்த்தி, முதல் கை அரிசியை நீ போடு. மிச்சத்தை அவள் கொட்டிக்கொள்வாள். அப்புறம், பசிக்குதும்மா என்று மட்டும் சொல். வேறு எதுவும் நான் உன்னிடம் கேட்கவில்லை.

அழகர் துணையிருப்பார். நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, உன் பிள்ளை உன் கையை நம்பி வாயைத் திறக்கட்டும்.

உன் அப்பா,
அழகுபாண்டி

பின்குறிப்பு: இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளே வந்து, என்ன எழுதுறீக என்று கேட்டாள். கம்பெனிக்கு லீவு லெட்டர் என்றேன். சரி என்று போனாள். வாசல்படி தாண்டி நின்று, திரும்பாமலே, அப்படியே அவ சாப்பிட்டாளான்னு ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்க என்றாள்.