சத்தமில்லாத உதடு

8 ஜூலை, செவ்வாய்

காலையிலிருந்து மூடுபனி. துணி காயவில்லை. சேலத்துப் பேச்சுப் பயிற்சி மேடம் அனுப்பிய ஸ்லைடுகள் வாட்ஸ்ஆப்பில் வந்துவிட்டன. 'அம்மா' என்று சொல்ல உதடு திறப்பது, மூடுவது, மறுபடி திறப்பது எல்லாம் படம் படமாக. மகள் யாழினி பார்த்துச் செய்ய வேண்டுமாம். நிற்கிற படத்தை அவள் பார்ப்பதே இல்லை. அசைய வேண்டும்.

மூன்று வயது முடிந்துவிட்டது. காதில் குறை இல்லையாம். ஒரு சொல் கிடையாது.

9 ஜூலை, புதன்

என் காலேஜ் லேப்டாப்பில் பவர்பாயிண்ட் திறந்தாலே உறைந்துவிடுகிறது. கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பது ஒன்றே வழி. முதலில் ஸ்லைடுகளைப் பிடிஎஃப் ஆக்கினேன். அப்புறம் தனித்தனிப் படம். அப்புறம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோக்க convert என்ற கட்டளை, படத்துக்கு அரை விநாடி; முடிந்தால் முதலிலிருந்து. போனில் ஓடுகிற ஜிஃப், அசையும் படம், ரெடி. ஓட்டினால் வாய் கோணல்மாணலாகத் துடிக்கிறது. ஒன்றுக்கு அடுத்து பத்தாவது படத்தை எடுத்திருக்கிறது! 01, 02 என்று எண்களுக்கு முன்னால் பூஜ்யம் போட்டால்தான் வரிசை சரியாக வரும். போடுவதற்குள் கரண்ட் போச்சு.

வாங்க: ரவை, மெழுகுவத்தி, இருமல் மருந்து.

10 ஜூலை, வியாழன்

ஜிஃப் சரியாக ஓடுகிறது. யாழினி கண் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு செல்வியக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, எந்நேரமும் போனைக் குடுத்தா பாப்பா எப்படிப் பேசுவா? சேர்வராயன் கோயில்ல மணி கட்டறேன்னு வேண்டிக்க. எங்க கொழுந்தன் பையன் இப்ப வாயே மூடறதில்ல."

சிரித்து வைத்தேன். அவர் போனதும் அழுகை. போனைப் பற்றி அவர் சொன்னது நானே எனக்குச் சொல்லிக்கொள்வதுதான்.

வீட்டுக்காரர் எஸ்டேட் வேலை முடிந்து நனைந்து வந்தார். படத்தைப் பார்த்து, "நொம்ப நல்லாருக்கு புள்ள. இவ பேசட்டும், மணி என்ன, மணிக்கூண்டே கட்டிரலாம்."

12 ஜூலை, சனி

மழை விடவில்லை. ரசம் தாளித்துக்கொண்டிருந்தேன். யாழினி துப்பட்டாவை இழுத்தாள். என் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள். மூடினாள். திறந்தாள். அதே அரை விநாடி. மறுபடி முதலிலிருந்து. சத்தமே இல்லை.

"சொல்லு சாமி, சத்தமாச் சொல்லு."

திறந்தாள், மூடினாள், திறந்தாள். சரியாகச் செய்துவிட்ட பெருமை முகத்தில்.

ஜிஃப்பில் சத்தம் வராது. தெரியாதா எனக்கு? உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

குரலைப் பதிந்து வீடியோவாக்க வேண்டும். அதற்கும் கட்டளை இருக்கிறது. அவள் தூங்கியபின் போனை வாயருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா. அவ்வளவுதான் சொல்லணும். எத்தனை தடவை பதிவை அழுத்தினாலும் என் வாய் திறக்கிறது, மூடுகிறது; கூரைத் தகரத்தில் விழுகிற மழைதான் பதிகிறது.