திரைக்குப் பின்னால் ஹன்னாவும் நானும்

மே 5, செவ்வாய்
மழை. எங்கள் பென்டில் ஹில்லில் ரயில் தாமதம். கோழி வாங்க மறந்து உம்மாவிடம் நல்ல ஏச்சு.

பிசியோதெரபி செய்முறை வகுப்பு. ஒருவர் உடம்பில் மற்றவர் கை வைத்துத்தான் பழக வேண்டும். ஆண்களோடு முடியாது என்று சொல்லியிருந்தேன். அப்படிக் கேட்ட இன்னொருத்தி ஹன்னா மட்டும். நீளப் பாவாடை, நீளக் கை, யூதப் பெண். இரண்டு பேரையும் மூலையில் விட்டுத் திரையை இழுத்துவிட்டார்கள். நல்ல கூத்து!

"எந்த ஊர்?" என்றாள். "இலங்கை." உம்மா மட்டக்களப்பு, பொய்யில்லை. பாபா பலஸ்தீனர் என்பதை விழுங்கிவிட்டேன்.

மே 6, புதன்
உம்மா, மீன் கழுவிக்கொண்டே: "நல்ல வேல செஞ்சாய். பாபாட ஊரப் பத்தி வாயத் தொறந்துடாத மகள். அவள் ஒரு முறைப்பாடு போட்டாளெண்டா ஒன்ட படிப்பு போச்சு."

பாபாவிடம், வகுப்பில் என் பயிற்சி ஜோடி கிரேக்கப் பெண் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மே 12, செவ்வாய்
குளிர். கழுத்துப் பயிற்சி. குப்புறப் படுத்தேன், அவள் விரல் என் பிடரியில். கண்ணை மூடவேயில்லை. மேசையில் அவள் போன். பதிவு செய்கிறாளோ?

"அப்பாவுக்கு என்ன வேலை?" "கார் திருத்துறார்." "எவ்வளவு காலமா இங்க?" இவளுக்கு எதற்கு இதெல்லாம்?

வேறு ஜோடி கேட்க ஆளில்லை. இவள் இல்லாவிட்டால் தேர்வு இல்லை, ஆஸ்பத்திரிப் பயிற்சியும் இல்லை.

மே 20, புதன்
தேர்வு. அவள் கழுத்தைத் தொட்டேன், கல் மாதிரி இறுக்கம். என்னுடையதும் அப்படித்தானாம். ஆசிரியை சிரித்தார்: "கொஞ்சம் தளருங்க, யாரும் கடிக்க மாட்டாங்க." இருவரும் பாஸ். அப்பாடா.

சப்பாத்துப் போட்டு நாடா கட்டும்போது ஹன்னா மெல்ல: "முதல் நாள் உன் குடும்பப் பெயரைக் கூப்பிட்டதுமே பலஸ்தீன் என்று தெரியும். என் அம்மாவிடம் நீ இலங்கை என்றுதான் சொன்னேன். தெரிந்தால் ஜோடியை மாற்றச் சொல்வார்."

"தெரிஞ்சுகொண்டா கேட்டாய்?"

"நீயே சொல்வாய் என்று பார்த்தேன்."

கோபம். வெட்கமும்தான்.

வெளியே மழை கொட்டியது. வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்றாள். காரில் ஏறினேன். வீட்டுக்கு மூன்று ஸ்டேஷன் முன்னால், பரமட்டா வந்ததும், "இங்க பக்கத்துலதான்" என்று இறங்கிக்கொண்டேன். கார் திரும்பிப் போகும் வரை நனைந்துகொண்டு நின்று, பிறகு பென்டில் ஹில்லுக்கு ரயில் பிடித்தேன். வீடு எங்கே என்று மட்டும் அவளுக்குக் காட்ட மனம் வரவில்லை.